முதல்முறை கமரா முன் நின்ற பெண்: தலவாக்கலைப் பக்கம் எடுத்த படங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தின் சிறு நகரமொன்றில் இருக்கும் ஜவுளிக்கடைக்காகத் தீபாவளியை ஒட்டி எடுத்த படங்கள் பற்றிய பதிவு இது. கடை முதலாளி, இரண்டு மொடல்கள், அவர்களில் ஒருவருடைய அம்மா, சேலை கட்டிவிட வந்த அக்கா, என் உதவியாளர், நான் ஆகியோர்தான் அங்கே இருந்தோம். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. எழுதலாமா என்று இரண்டு மொடல்களிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

முதலாளியின் எண்ணம் நல்ல எண்ணம். வழக்கமாகச் சேலைப் படங்கள் இந்தியக் கம்பனிகளிடமிருந்து பெட்டியோடு வந்துவிடும். இந்த முறை நம்ம மலையகத்துப் பிள்ளை ஒருவரை வைத்தே எடுக்க வேண்டும், வாங்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்றார். அம்மாவோடு கடைக்குச் சேலை வாங்க வந்த ஒரு பெண்ணிடம் அவரே பேசியிருந்தார். அவருக்கு 21 வயது. உயர்தரம் முடித்துவிட்டு முன்பள்ளியில் கற்பிக்கிறார். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். இன்னொரு மொடல் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தவர், நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்தால் புதியவருக்குத் துணையாக இருக்கும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

இடம், தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டம். புதிய மொடலின் சொந்தத் தோட்டமும் அதுதான். பயணச் செலவு இல்லை, அம்மாவும் கூட இருக்கலாம் என்று முதலாளி தெரிவு செய்திருந்தார். தோட்ட நிர்வாகியான துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று.

படம் எடுப்பதற்கு முன்

முதல் நாள் மாலை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் அம்மாவையும் மகளையும் சந்தித்தேன். கமராவைக் கொண்டு போகவில்லை. எத்தனை சேலை, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, படம் எங்கெல்லாம் வரும் என்பதைச் சொன்னேன். கடை வாசல் பேனர், கடையின் பேஸ்புக் பக்கம், தீபாவளித் துண்டுப்பிரசுரம் ஆகிய மூன்றோடு சரி. இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கடைசி வரியில், தனக்குப் பிடிக்காத படத்தை மொடல் நீக்கச் சொல்லலாம், கடை அதை ஏற்க வேண்டும் என்று இருந்தது. முதலாளி அதற்குக் கொஞ்சம் தயங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.

அம்மா தாளை மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “சேர், நான் நாளைக்கு வந்தா ஒரு பேர் போயிருமே?” வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் இல்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது அந்த ஒரு பேரின் பெறுமதி எவ்வளவு பேசப்பட்டது என்பது மலையகத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் நாட்கூலியைப் படப்பிடிப்புச் செலவில் சேர்ப்பதாகச் சொன்னேன். துணைக்கு வருகிறவரும் அந்த நாளை நமக்காகத்தான் செலவழிக்கிறார்.

காலையில் கண்டவை

செப்டெம்பர் மாதம். தென்மேற்குப் பருவமழை முழுக்க ஓயவில்லை. காலையில் வெளிச்சம் இருக்கும், பத்து மணிக்கு மேல் மிஸ்ட் (மூடுபனி) இறங்கும், பின்னேரம் மழை வரலாம். அதனால் ஏழு மணிக்கே தொடங்கினோம். குளிர் 15, 16 பாகை அளவில் இருந்திருக்கும்.

வெள்ளவத்தை மொடலை முதலில் எடுத்தோம். அவர் இடம் பார்த்தார், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டார், வேலையை முடித்தார். அடுத்து புதியவர் வந்தார். முதல் நாள் முன்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிக் கைகளை ஆட்டி ஆட்டிக் கதைத்த அதே பெண் கமரா முன் வேறொருவராக நின்றார். தோள்கள் காதை நோக்கி ஏறியிருந்தன. சிரிப்பு வாயோடு நின்றது, கண்ணுக்குப் போகவில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது கைதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்கு உள்ளே மடக்கி, முந்தானைக் கரையைச் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். நகம் பதிந்த இடத்தில் பட்டு சுருங்கியிருந்தது. முகத்தைச் சிரிக்கவைக்க ஒருவரால் முடியும், கையை மறைக்க முடியாது. பதற்றத்தை நான் முதலில் தேடுவது கையில்தான்.

காரணம் என்னவென்று சுற்றிப் பார்த்தேன். ஒன்றல்ல, பல இருந்தன.

மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். “ஏ புள்ள, இங்க பாரு!” என்று பாசத்தோடுதான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் அவர் கண் மேலே போய்த் திரும்பியது. பாடசாலை விடுமுறைப் பிள்ளைகள் வேறு பாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொன்னார். “கழுத்தத் தூக்கும்மா” என்று அவர் சொல்லும்போது நான் நாடியை இறக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். யார் சொல்வதைக் கேட்பது?

சேலை கட்டிவிடும் அக்கா சுறுசுறுப்பானவர். கொசுவம் கலைந்தால் ஓடிப்போய், கேட்காமலே இடுப்பில் கைவைத்துச் சரிசெய்தார். வெள்ளவத்தை மொடல் அதற்குப் பழகியவர். புதியவரோ ஒவ்வொரு முறையும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இன்னொன்று, காலையிலிருந்து தேத்தண்ணி நீட்டினால் வேண்டாம் என்றே சொன்னார். அந்தக் குளிரில் தேத்தண்ணி வேண்டாம் என்கிற மலையகத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவருடைய அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: “குடிச்சா எங்க போறது சேர்?” மலையில் கழிப்பறை இல்லை. வெள்ளவத்தை மொடலும் அதே காரணத்தால்தான் தண்ணீர் குடிக்காமல் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

நிறுத்தி மாற்றியவை

எட்டரை மணியளவில் கமராவைப் பையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஓய்வு என்றேன். வெளிச்சம் போய்விடுமே என்று முதலாளி கவலைப்பட்டார். அது நியாயமான கவலைதான். ஆனால் அந்த நிலையில் எடுக்கும் எந்தப் படமும் பேனருக்கு உதவாது என்று திரையில் அந்தக் கையைக் காட்டினேன். அவர் உடனே புரிந்துகொண்டார்.

முதலில் இடத்தை மாற்றினோம். மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டபோது, முதல் நாள் கொழுந்து எடுத்து முடித்த மலை ஒன்று மறுபக்கம் இருப்பதாகச் சொன்னார். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் துளிர் வந்து மறுபடி ஆட்கள் வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அண்மையில் மருந்து அடித்ததா என்றும் கேட்டு, இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் அந்த மலைக்குக் கீழேதான். அங்கே பொறுப்பாக இருந்தவர் உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் தந்தார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அம்மா பார்த்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் இரண்டு மொடல்களும் தேத்தண்ணி குடித்தார்கள். அந்த நாளின் பெரிய திருப்பம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் நாங்கள் மணிக்கணக்கில் பேசுவோம், கழிப்பறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அடுத்தது குரல். மொடலிடம் பேசுவது நான் மட்டும் என்று முடிவுசெய்தோம். முதலாளி தனக்குத் தேவையானதை என்னிடம் சொல்வார், நான் அதை மொடலுக்குச் சொல்வேன். ஒவ்வொரு சேலை முடிந்ததும் படங்களை உட்கார்ந்து பார்க்க முதலாளிக்கு நேரம் ஒதுக்கினேன். அவர் அதற்குச் சம்மதித்ததற்கு, படம் தன் கண்ணுக்கு முன் தெளிவாகத் தெரிந்ததும் ஒரு காரணம்.

தொடுவது பற்றி ஒரே விதி வைத்தோம்: கேட்ட பிறகுதான் தொட வேண்டும். கொசுவமும் ஊசியும் அந்த அக்கா அல்லது அம்மாவின் வேலை. அவர்களும் “சரிசெய்யட்டுமா?” என்று கேட்ட பிறகே கிட்டப் போவார்கள். நான் எதையும் தொடுவதில்லை. தலை எப்படித் திரும்ப வேண்டும் என்றால் நானே அப்படி நின்று காட்டுவேன். அக்கா முதலில் கொஞ்சம் முகம் வாடினார். இது அவர்மேல் குறை சொல்வதல்ல, எல்லோருக்கும் பொதுவான விதி என்று விளக்கியதும் சமாதானமானார்.

லென்ஸையும் மாற்றினேன். காலையில் இடமும் தெரியட்டும் என்று 35 மி.மீ. போட்டிருந்தேன். அதில் அரையுடல் எடுக்க வேண்டுமானால் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். புதியவருக்கு அது நெருக்கடி. 85 மி.மீ. போட்டால் மூன்று மீற்றர் அளவு பின்னால் வரலாம், சாதாரணக் குரலில் பேசவும் முடியும். அதற்கு மேல் நீண்ட லென்ஸ் என்றால் சரிவில் நின்று கத்த வேண்டிவரும்.

பிறகு, நில்லுங்க, சிரிங்க என்று சொல்வதை விட்டேன். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தேன். வளையலை மேலே தள்ளுங்க. முந்தானையை மடிச்சுத் தோளில போடுங்க. கீழ பாதையில வர்ற வேனைப் பாருங்க, அப்புறம் என்னைப் பாருங்க. திரும்பிய அந்தக் கணத்தில் எடுத்தேன். கைக்கு வேலை கிடைத்ததும் கட்டைவிரல் வெளியே வந்தது. எடுக்கும்போது வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். கமராவுக்குப் பின்னால் மௌனம் இருந்தால், எதிரில் நிற்கிறவர் ‘நான் ஏதோ பிழையாகச் செய்கிறேன்’ என்றுதான் நினைப்பார்.

படத்தைக் காட்டியபோது வேறொரு சிக்கல் வந்தது. “அண்ணே, என் மூஞ்சி கோணலா இருக்கு” என்றார். முகம் கோணலில்லை. நாம் நம் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம், அதில் இடம் வலமாகத் தெரியும். கமராவோ மற்றவர்கள் பார்க்கிறபடி காட்டுகிறது. படத்தை ஃபோனுக்கு அனுப்பி, இடவலம் மாற்றிக் காட்டினேன். “இதுதான் நான்” என்றார். அம்மா பக்கத்திலிருந்து, “எனக்கு மத்ததுதான் என் புள்ளை” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

நிறம்

பத்து மணிக்கு மிஸ்ட் இறங்கியது. பின்னணி முழுக்க வெள்ளை. கமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளை நிறைந்திருந்தால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது முகம் இருண்டுபோகும். மாநிறமோ கறுப்போ ஆன முகம் என்றால் இன்னும் இருளும். முதலாவது படத்தில் அப்படித்தான் ஆனது. முதலாளி, “பிள்ளை கறுப்பா விழுறா, எடிட்டில வெளுப்பாக்கலாம்தானே?” என்றார். அவர் மெதுவாகச் சொன்னாலும் மலையில் குரல் போகும். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே தலை குனிந்ததைப் பார்த்தேன்.

எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்: இது அவருடைய நிறத்தால் வந்ததல்ல, நான் கமராவில் சரிசெய்ய வேண்டியது. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டினேன். தேயிலைச் செடிகளின் மேல்மட்டம் பச்சையை மேல்நோக்கி எறிவதால் நாடிக்குக் கீழே பச்சை அடிக்கும். அதைத் தடுக்க, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ரிப்ளெக்டரை இடுப்பு உயரத்தில் பிடிக்கவைத்தேன். பிளாஷ் போடவில்லை. மிஸ்டில் பிளாஷ் அடித்தால் முன்னாலிருக்கும் நீர்த்துளிகள்தான் வெளுத்துத் தெரியும். அடுத்த படத்தில் அவர் முகம் அவருடைய நிறத்திலேயே, மினுக்கத்தோடு வந்தது. முதலாளியிடம் வியாபாரமாகவும் ஒன்று சொன்னேன். முகத்தை வெளுப்பாக்கினால் பக்கத்திலிருக்கும் சேலையின் மாம்பழ மஞ்சளும் வெளுக்கும். பேனரில் பார்த்த நிறம் கடையில் இல்லை என்று சனம் திரும்பிப் போகும். வெளுப்பாக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

கோடாக் கம்பனி வண்ணப் படங்களைச் சரிபார்க்கப் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டையையே அளவுகோலாக வைத்திருந்தது. நம்ம நிறம் ‘விழவில்லை’ என்று யாராவது சொல்லும்போது இதை அவர்களிடம் சொல்வேன். பிழை எந்தப் பக்கம் என்பது புரியும்.

கூடை

கடைசிச் சேலை மெரூன் பட்டு. முதலாளி வேனிலிருந்து ஒரு புதுக் கொழுந்துக்கூடையை எடுத்து வந்தார். பட்டு கட்டிய பெண், கயிற்றைத் தலையில் மாட்டி, கூடை முதுகில், பின்னால் மலை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் இதைத்தான் விரும்புவார்கள் என்றார். இது தாளில் எழுதிய பட்டியலில் இல்லை.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கூடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கட்டைவிரல் மறுபடி உள்ளே போனது. நான் பக்கத்தில் போய், “தங்கச்சி, சொல்லுங்க” என்றேன்.

“இத மட்டும் வேணாம் அண்ணே. அம்மா தெனமும் தூக்குறாங்க. நான் பட்டு கட்டிக்கிட்டு அத மாட்டிக்கிட்டு நின்னா, மலையில இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க?”

கூடையை வேனில் திருப்பி வைக்கச் சொன்னேன். முதலாளி விளக்கம் கேட்டார், விளக்கினேன். ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாததை, ஆயத்தமாக நிற்கும் ஒருவர் முன்னால் திடீரென்று வைத்தால் அவருக்கு மறுக்க வசதி இருக்காது. அப்படியும் இவர் மறுத்திருக்கிறார் என்றால், அதைச் சொல்ல எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும்? வெள்ளவத்தை மொடல், “வேணும்னா நான் எடுக்கிறேன்” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தத் தோட்டத்து மக்கள் முன்னால் அது யார் முதுகில் இருந்தாலும் அதே கேள்விதான் வரும் என்று அவரிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

மலையகத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கூடை புதிதல்ல. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரூன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் இங்கே எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல். அதன் பிறகு தேயிலைப் பெட்டியிலும் சுவரொட்டியிலும் கூடையோடு சிரிக்கும் பெண்ணை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பது படத்தில் தெரியாது. இந்தப் பெண்ணிடம் கேட்க எங்களுக்கு வாய்ப்பு இருந்தது, அவர் பதிலும் சொன்னார்.

மெரூன் சேலையைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் படிக்கட்டில், பூசாரியிடம் கேட்டு எடுத்தோம். அம்மாவையும் ஒரு படத்துக்கு நிற்கச் சொல்லி முதலாளி கேட்டார். அம்மா வேண்டாம் என்றார், விட்டோம்.

பின்னர் நடந்தவை

தேர்ந்த படங்களை மொடல் இருவருக்கும் அனுப்பினேன். புதியவர் இரண்டை நீக்கச் சொன்னார். அதில் ஒன்று முதலாளி பேனருக்கு நினைத்திருந்த படம். தாளில் கையெழுத்து இருந்ததால் அவர் வேறு படத்துக்கு மாறினார். கோயில் படிப் படம் கடை வாசலில் ஏறியது. மாம்பழ மஞ்சள் சேலை மற்றவற்றைவிட வேகமாக விற்றதாக முதலாளி சொன்னார். அதற்குப் படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது அந்த வருடம் எல்லோரும் விரும்பிய நிறம்.

எல்லாம் இனிதாக முடியவில்லை. லயத்தில் சிலர் அம்மாவிடம் குத்தலாகப் பேசியிருக்கிறார்கள். பேஸ்புக்கில் நிறத்தைப் பற்றி இரண்டொரு கருத்துகள் வந்தன, கடைப் பையன் உடனே அழித்தான். அதற்குள் அந்தப் பெண் வாசித்துவிட்டார். சில வாரங்களுக்குப் பிறகு, வேறொரு நகரத்து அழகு நிலையம் அதே படத்தை எடுத்து, முகத்தை வெளுப்பாக்கித் தன் விளம்பரத்தில் போட்டிருந்ததை அவருடைய தம்பி வாட்ஸ்அப்பில் பார்த்தான். ஒப்பந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பி, முதலாளியே அவர்களோடு பேசினார். அன்றிரவே எடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மறுபடி கேட்டபோது, சொந்தத் தோட்டத்தில் என்றால் வர மாட்டேன், நுவரெலியாவில் என்றால் வருகிறேன் என்றார். வந்தார். அந்த முறை தேத்தண்ணியை அவரே கேட்டு வாங்கினார்.

இனி மாற்றுபவை

புதிய மொடல் என்றால் அவருடைய சொந்த ஊரில் எடுப்பதில்லை, அவராகவே கேட்டாலொழிய. தெரிந்த முகங்கள் துணையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவர்கள் முன்னால்தான் கூச்சம் கூடுதல். துணைக்கு வரும் ஒருவரை மொடலே தெரிவு செய்வார்.

எடுக்கப்போகும் படங்களின் பட்டியல் இப்போது மாதிரிப் படங்களோடு போகிறது. கையில் என்ன இருக்கும், தலையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் அதில் வரும். அதில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால், கடைக்காரர் முதலில் என்னிடம் கேட்பார், நான் மொடலிடம் தனியாகக் கேட்பேன். மற்றவர்கள் முன்னால் கேட்பதில்லை.

தாளில் மூன்று வரிகள் கூடியிருக்கின்றன: படத்தை எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது, முகத்தின் நிறத்தை மாற்றக்கூடாது என்பது, இணையத்தில் போட்டால் கருத்துகளைக் கடை கவனிக்க வேண்டும் என்பது. கடைசி வரிக்குத்தான் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். முதல் இரண்டு நாட்கள் கருத்துப் பகுதியை மூடிவைப்பது பலருக்கும் இலகுவாகப் படுகிறது.

இடம் பார்க்கப் போகும்போது முதலில் கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் பார்க்கிறேன், அதன் பிறகுதான் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பேன். மெல்லிய ரவிக்கையோடு குளிரில் நிற்பவர்களுக்கு இரண்டு தடித்த சால்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், காலுக்கு அட்டை ஏறாமல் தேய்க்கச் சவர்க்காரம் எல்லாம் கமராப் பையோடு போகின்றன. துணைக்கு வருகிறவரின் நாட்கூலி செலவுக் கணக்கில் தனி வரியாக இருக்கிறது. ஒரு கடைக்காரர் அதை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை, அந்த வேலையை வேறொருவர் எடுத்தார்.